2,920 கிலோமீட்டர்: போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம்

நாள் 1: புதன் மாலை, பம்மல்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மீனம்பாக்கத்தில் ஏறும் விமானங்களின் சக்கரம் உள்ளே மடங்குவது தெரியும். விமானம் தலைக்கு மேல் போகும்போது பேச்சை நிறுத்துவது, போனதும் விட்ட வார்த்தையில் இருந்து தொடர்வது, இதெல்லாம் எங்கள் தெருவில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். முப்பது வருஷமாக இந்தச் சத்தத்தில் குடியிருக்கும் அம்மா இதுவரை விமானம் ஏறியதில்லை. இன்று ராத்திரி ஏறப் போகிறாள். அக்கா சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறாள். பேரனுக்கு மூன்று வயதாகிவிட்டது, இன்னும் போனில்தான் பாட்டியைப் பார்க்கிறான்.

"எவ்வளவு தூரம்டா?" காலையில் இருந்து மூன்றாவது முறை.

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது கிலோமீட்டர்."

"அதை யார் கேட்டா? எத்தனை மணி நேரம்?"

நியாயம்தான். நமக்குத் தூரம் என்றாலே நேரம். திண்டிவனம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் யாரும் கிலோமீட்டர் சொல்வதில்லை, "ரெண்டரை மணி நேரம், பெருங்களத்தூர் தாண்டிட்டா ரெண்டு" என்றுதான் பதில் வரும்.

டிக்கெட்டைக் காட்டினேன். இரவு 11.15க்குப் புறப்பாடு, காலை 6.15க்குச் சேரும். அம்மா விரல் விட்டு எண்ணினாள். "ஏழு மணி நேரம். உங்கக்கா நாலு மணி நேரம்னுல்ல சொன்னா?" அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது, அதைக் கழித்தால் நாலரை என்றேன். "அப்ப ரெண்டரை மணி நேரம் எங்க போச்சு?" என்றாள். வரும்போது திருப்பித் தந்துவிடுவார்கள் என்று சொல்லி வைத்தேன்.

தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2,920 என்பது மீனம்பாக்கத்தில் இருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு, உருண்டையான பூமியின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் வரும் கணக்கு. உலகப் படத்தில் கோடு போட்டால் வேறு தூரம் வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். சிங்கப்பூரில் இருந்து நியூயார்க் போகிறவருக்கு அது பெரிய விஷயம். சென்னை, சிங்கப்பூர் இரண்டும் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்தபடி போனாலும் அரைக் கிலோமீட்டர் கூடினாலே அதிகம்.

இந்தத் தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்துப் பார்த்தேன். மணிக்கு 900 என்று வைத்தால் மூன்றே கால். டிக்கெட்டில் நாலரை. மீதி ஒன்றே கால் மணி நேரம் என்ன ஆகிறது என்று கவனித்துக் குறித்துக்கொள்வதாகத் திட்டம். ஒரு ஆரூடமும் சொல்லி வைக்கிறேன்: பூமியின் மேலே உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்காக வேகக் காற்று ஓடுகிறது, அதனால் கிழக்கே போகிற விமானம் சீக்கிரம் போகும், மேற்கே வருவது தாமதமாகும். ஆகவே போகும்போது குறைச்சல், வரும்போது கூட. நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டாகிவிட்டது.

பெட்டியில் மாவடு, வேப்பிலைக்கட்டி, வடாம், இரண்டு கிலோ மிளகாய்த்தூள். குளியலறைத் தராசு 24 காட்டுகிறது. ஒருவருக்கு 25 தான் அனுமதி. அம்மா இன்னும் எதையோ தேடிக்கொண்டிருக்கிறாள்.

நாள் 2: வியாழன், ஈசூன்

நேற்று எழுதிய ஆரூடம் பொய்த்தது. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் நேரக் கணக்கு.

வீட்டைப் பூட்டியது 7.35. ஆட்டோ நிலையத்தில் நின்றது 7.58. ஐந்து கிலோமீட்டருக்கு இருபத்து மூன்று நிமிஷம். பெட்டி போட்டது, குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை எல்லாம் முடிந்து உட்கார்ந்தபோது 9.20. பாதுகாப்புச் சோதனையில் அம்மாவின் கைப்பையில் இருந்து அரை லிட்டர் நீர்மோர் பாட்டில் வெளியே வந்தது. நூறு மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்றார் அந்தப் பெண். "மோரும்மா, வெறும் மோரு" என்று அம்மா மூடியைத் திறந்து காட்டப் போனாள். கடைசியில் ஓரமாக நின்று இருவரும் பாதிப் பாதி குடித்தோம். நல்ல பெருங்காயம்.

பிறகு 10.40 வரை உட்கார்ந்திருந்தோம். இந்தப் பயணத்தின் நீளமான பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

விமானம் நின்ற இடத்தைவிட்டுப் பின்னால் தள்ளப்பட்டது 11.31க்கு, பதினாறு நிமிஷம் தாமதம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போய், முன்னால் நின்ற இரண்டு விமானங்களுக்கு வழிவிட்டு, சக்கரம் தரையைவிட்டது 11.49க்கு. ஆடி மாசத்தில் சென்னையில் ராத்திரி தென்மேற்குக் காற்று. பொதுவாகக் காற்றுக்கு முகம் காட்டித்தான் விமானம் எழும்பும். ஆகவே கிழக்கே இருக்கிற சிங்கப்பூருக்குப் போக நாங்கள் முதலில் மேற்கே கிளம்பினோம்.

"அம்மா, நம்ம ஏரியா மேலதான் போறோம்."

அம்மா கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, தலையை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பினாள். கீழே சோடியம் விளக்குகளின் மஞ்சள், அதுவும் ஒருபக்கமாகச் சாய்ந்து. "இந்நேரம் யாராவது பேச்சை நிறுத்தியிருப்பாங்க" என்றாள். அப்புறம் விமானம் இடது பக்கம் திரும்ப, ஊர் நழுவி, கடல் வந்தது. கடல் என்றால் இருட்டுதான்.

முன் இருக்கையின் முதுகில் சின்னத் திரை. நான் படம் பார்க்கவில்லை, வரைபடத்தைத்தான் பார்த்தேன். 37,000 அடிக்கு ஏற இருபத்து நாலு நிமிஷம் ஆனது. ஏறும்போது வேகம் குறைவு. வகுத்தல் கணக்கில் விட்டுப்போன நேரத்தில் ஒரு பங்கு இங்கே போகிறது. உயரம் பிடித்ததும் வெளியே மைனஸ் 43 டிகிரி. அதற்குக் கீழே ஒரு வரி: எதிர்க்காற்று, மணிக்கு 54 கிலோமீட்டர். தரை வேகம் 846.

எதிர்க்காற்றா? கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். கிழக்கே போகிறோம், காற்று பின்னால் இருந்துதானே தள்ள வேண்டும்? திரை கோளாறோ என்று நினைத்தேன். அரை மணி கழித்துப் பார்த்தால் 49. இன்னொரு தரம் 57. கோளாறு இல்லை, என் ஆரூடம்தான் கோளாறு.

நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு விளக்கைப் போட்டுச் சாப்பாடு கொடுத்தார்கள். நாலு மணி நேர ராத்திரிப் பயணத்தின் சங்கடமே இதுதான், தூங்கவும் நேரம் போதாது, விழித்திருக்கவும் மனசு வராது. அம்மா தயிரை மட்டும் எடுத்துக்கொண்டு, ரொட்டியைத் திசுத் தாளில் மடித்துப் பைக்குள் வைத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

வரைபடத்தில் நிகோபார் தீவுகள் நகர்ந்து போயின. இடது ஓரத்தில் பினாங்கு தெரிந்தது, பின்பு மலாக்கா நீரிணை. சாங்கிக்கு இருநூறு கிலோமீட்டர் இருக்கும்போதே மூக்கைக் கீழே சாய்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அங்கிருந்து தரை தொட அரை மணி. சக்கரம் பட்டது நம் நேரம் 3.36க்கு, அவர்கள் நேரம் 6.06க்கு. வாயிலில் போய் நின்றது 6.15க்கு.

டிக்கெட்டில் போட்டிருந்த அதே 6.15! பதினாறு நிமிஷம் தாமதமாகக் கிளம்பி, சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டோம். விமானி விரட்டிக்கொண்டு வரவில்லை. டிக்கெட்டில் உள்ள நாலரை மணி நேரம் பறக்கும் நேரமே இல்லை. விமானம் நின்ற இடத்தைவிட்டு அசைவதில் இருந்து, அடுத்த ஊரில் போய் நிற்பது வரை எண்ணுவது. பிளாக் டைம் என்பார்கள். ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்க முறை வரும்வரை சுற்றுவது எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கொஞ்சம் துணி விட்டுத்தான் தைக்கிறார்கள், வளரும் பிள்ளைக்குச் சட்டை தைப்பது போல. நாங்கள் காற்றில் இருந்தது 3 மணி 47 நிமிஷம். அசைந்ததில் இருந்து நின்றது வரை 4.14. டிக்கெட்டில் 4.30. பம்மல் வீட்டுப் பூட்டில் இருந்து ஈசூன் வீட்டு வாசல்மணி வரை 9 மணி 45 நிமிஷம்.

இந்த நாலில் எதை "சென்னை–சிங்கப்பூர் பயண நேரம்" என்று சொல்வது? அம்மாவைக் கேட்டேன். கடைசியாகச் சொன்னதுதான் என்றாள்.

பேரன் கதவிடுக்கில் நின்று பார்த்தான். அம்மா பையைத் திறந்து ரொட்டியை எடுத்தாள்.

நாள் 3: வெள்ளி, ஈசூன்

காலை ஏழு மணிக்கு வெளியே இருட்டு இன்னும் முழுசாகப் பிரியவில்லை. பள்ளிப் பிள்ளைகள் அந்த அரையிருட்டில் பேருந்துக்கு ஓடுகிறார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு நல்ல வெளிச்சம். அம்மா கைக்கடிகாரத்தை மாற்ற மறுத்துவிட்டாள். "அஞ்சு நாளைக்கு எதுக்கு அதைத் திருகிக்கிட்டு? பிரஷர் மாத்திரை எட்டு மணிக்கு. இங்க பத்தரைன்னா அது அவங்க பாடு." யோசித்தால் அதுதான் சரியான மருத்துவம்.

இந்த ஊர்க் கடிகாரத்துக்கு ஒரு கதை உண்டு. அதைச் சொன்னவர் அத்தானின் அப்பா. வயது எண்பத்தைந்து தாண்டிவிட்டது. கோப்பி குடிக்கும் கடையில் உட்கார்ந்து, அம்மா கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "எங்க காலத்துல ஊருக்கும் இங்கைக்கும் சரியா ரெண்டு மணி நேரம்தான் சம்பந்தி. இந்த அரை மணி பின்னால ஒட்டினது" என்றார்.

ஏதோ ஞாபகப் பிசகு என்று நினைத்தேன். பார்த்தால் அவர் சொன்னது அப்படியே உண்மை. 1981 டிசம்பர் 31 வரை சிங்கப்பூர் நேரம் கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரம் முன்னால். மலேசியா தன் இரண்டு பகுதிகளுக்கும், அதாவது தீபகற்பத்துக்கும் போர்னியோ பக்கத்துச் சபா, சரவாக்குக்கும், ஒரே நேரம் வைக்க முடிவு செய்து 1982 ஜனவரி 1 முதல் எட்டு மணி நேரத்துக்கு மாறியது. இரண்டு நாட்டையும் இணைக்கும் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நேரம், அந்தப் பக்கம் ஒரு நேரம் என்றிருந்தால் வேலைக்கு வந்து போகிறவர்கள் என்ன ஆவது? சிங்கப்பூரும் கூடவே மாறிக்கொண்டது. அதற்கு முன்பும் இந்த ஊர் கடிகாரத்தை நிறையத் திருகியிருக்கிறது. 1905இல் ஏழு மணி நேரம், 1933இல் ஏழு மணி இருபது நிமிஷம், 1941இல் ஏழரை. 1942இல் ஜப்பான்காரர்கள் பிடித்ததும் டோக்கியோ நேரம், ஒன்பது. போர் முடிந்ததும் திரும்ப ஏழரை.

சூரியனைக் கேட்டால் வேறு பதில் வரும். பூமி ஒரு டிகிரி திரும்ப நாலு நிமிஷம். சென்னை கிழக்கே 80 டிகிரியில் இருக்கிறது, சிங்கப்பூர் 104இல். இடையில் 24 டிகிரி, ஒரு மணி 35 நிமிஷத்துக்கு ஒட்டி வரும். கடிகாரத்தில் மட்டும் இரண்டரை. சிங்கப்பூர் வைத்திருப்பது 120 டிகிரிக்குரிய நேரம், அந்தக் கோடு பிலிப்பைன்ஸ் பக்கம் ஓடுகிறது. அதனால்தான் இங்கே சூரியன் உச்சிக்கு வர மத்தியானம் ஒரு மணி தாண்டுகிறது. அம்மா கேட்ட அந்த இரண்டரை மணி நேரத்தில் ஒன்றரையை எடுத்தது சூரியன், ஒன்றை எடுத்தது சர்க்கார்.

பெரியவர் விமானத்தில் வந்தவர் இல்லை. 1958இல் நாகப்பட்டினத்தில் இருந்து ரஜூலா கப்பலில் வந்தார். கேட்டதுதான் தாமதம், கோப்பி ஆறிப்போகும்வரை பேசினார். நாகையில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். படகில் போய், அலை தூக்கிக் கொடுக்கிற நேரம் பார்த்து ஏணியைப் பிடிக்க வேண்டும். டெக் டிக்கெட் என்றால் மேல்தளத்தில் பாய் விரித்துக்கொள்ள வேண்டியதுதான். தகர டிரங்குப் பெட்டிதான் தலைமாடு. பினாங்கில் பாதிப் பேர் இறங்குவார்கள், கிள்ளானில் இன்னும் கொஞ்சம். இவர் சிங்கப்பூர் வந்தது ஏழாம் நாள்.

"ஆடி மாசம் ஏறினேன் தம்பி. முதல் மூணு நாள் எந்திரிக்கவே இல்ல. கடல் அப்படி. காத்து பின்னாலேர்ந்து சாத்து சாத்துன்னு சாத்துது."

பின்னாலிருந்து என்றார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

நாள் 4: சனி, ஈசூன்

ஊர் சுற்றியதை எழுதவில்லை. தேக்கா, மாரியம்மன் கோயில், மிருகக்காட்சி சாலை எல்லாம் ஏற்கெனவே எழுதித் தீர்த்தவர்கள் இருக்கிறார்கள். அத்தானின் மேசையில் உட்கார்ந்து காற்றைப் பற்றிப் படித்ததைச் சொல்கிறேன்.

நான் அடிக்கோடு போட்ட விஷயம் பொய் இல்லை, இடம்தான் தப்பு. மேற்கில் இருந்து கிழக்கே ஓடும் அந்த வேகக் காற்று வடக்கே உள்ள அட்சங்களுக்கு உரியது. டெல்லியில் இருந்து டோக்கியோ போகிறவர்களைக் கேளுங்கள், போகும்போது ஏழரை மணி நேரத்தில் போய்விடுவார்கள், வரும்போது ஒன்பதைத் தொடும். அதைக் கேட்டுக் கேட்டு, உலகம் முழுக்க அப்படித்தான் என்று நானும் நினைத்துவிட்டேன்.

நம் ஊர் அட்சத்தில், அதுவும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, நடப்பது நேரெதிர். கோடையில் திபெத் பீடபூமியும் அதைச் சுற்றிய நிலமும் சூடேறி, அதற்கு மேலே உயரத்தில் பெரிய காற்றழுத்த மேடு உண்டாகிறது. அதன் தெற்குச் சரிவில் காற்று கிழக்கில் இருந்து மேற்காக ஓடுகிறது. தென்கிழக்கு ஆசியாவில் ஆரம்பித்து, தென்னிந்தியாவுக்கு மேலாக, ஆப்பிரிக்கா வரை. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று பெயர். இதை அடையாளம் கண்டு 1950களில் எழுதியவர் பி. கோட்டீஸ்வரம், பின்னாளில் இந்திய வானிலைத் துறைக்கே தலைவராக இருந்தவர். அதன் முழு வேகம் பதினான்கு பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில். விமானங்கள் அதற்குக் கீழே பதினோரு கிலோமீட்டரில் போகின்றன. அங்கேயும் அதன் வால் படுகிறது. என் திரையில் 54 என்று காட்டியது அந்த வால்தான்.

இதில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. அதே மாசம், அதே வங்கக் கடல், கீழே தென்மேற்குப் பருவக்காற்று. பெரியவரின் கப்பலைப் பின்னாலிருந்து சாத்திய காற்று. பாய்மரக் காலத்தில் நாகையில் இருந்து கடாரத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் கப்பல் விட்டவர்கள் இந்தக் காற்றில்தான் கிழக்கே போனார்கள், மார்கழி தையில் அடிக்கும் வாடைக்காற்றில் திரும்பினார்கள். ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு 1025இல். கடாரம் என்பது இன்றைய கெடா. புதன் ராத்திரி விமானத்தில் பார்த்த வரைபடத்தில் பினாங்குக்கு மேலே தெரிந்ததே, அதுதான். அவர்களைத் தள்ளிக்கொண்டு போன காற்றுக்குப் பதினோரு கிலோமீட்டர் மேலே நான் எதிர்க்காற்றில் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். ஒரே கடலுக்கு மேல் இரண்டு மாடி, கீழ்மாடியில் காற்று கிழக்கே போகிறது, மேல்மாடியில் மேற்கே.

பெரியவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "அப்ப திரும்பிப் போறப்ப உங்களுக்கு நல்ல காத்து" என்றார். செவ்வாய்க்கிழமை தெரியும்.

அவர் கப்பலையும் கணக்குப் போட்டோம். கடல்வழி சுற்றுதான் என்றாலும் 3,000 கிலோமீட்டர் சொச்சம் என்று வைத்து ஏழு நாளால் வகுத்தால், துறைமுகங்களில் நின்ற நேரமும் சேர்த்து, மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர். "சைக்கிளா!" என்று பேரனின் அப்பா சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. ரஜூலா 1926 முதல் 1973 வரை ஓடிய கப்பல், அப்படி லேசாகப் பேசக்கூடாது என்று அவர் முகம் சொன்னது. அதன் பின் சிதம்பரம் என்ற கப்பல் ஓடியது. 1985இல் நடுக்கடலில் தீப்பிடித்து அதோடு அந்தப் போக்குவரத்து முடிந்தது. அதில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தார்களா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

நாள் 5: ஞாயிறு

மழை. ஒன்றும் எழுத இல்லை. அம்மா பேரனுக்கு விமானம் மேலே போனால் பேச்சை நிறுத்தக் கற்றுக்கொடுத்துவிட்டாள். ஈசூன் மேல் அவ்வளவாக விமானமே போவதில்லை. பையன் ஜன்னலில் காத்திருக்கிறான்.

நாள் 7: செவ்வாய், பம்மல்

வரும்போது வேறு விமானம். மலிவு டிக்கெட், முன் இருக்கையில் திரை கிடையாது, தண்ணீருக்கும் காசு. ஏர்பஸ் ஏ320 ரகம். போகும்போது வந்தது பெரிய விமானம், அது காற்றைக் கணக்கில் சேர்க்காமல் மணிக்கு 900 போகும். இந்தச் சின்னது 830 பக்கம்தான். ஆகவே சோதனை நியாயமானதில்லை, காற்றுக்கு எதிராகவே நான் சாட்சி வைக்கிறேன்.

திரை இல்லாவிட்டால் என்ன, போன் இருக்கிறது. விமானப் பயண முறையில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், அது செயற்கைக்கோள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுமே தவிர எதையும் அனுப்பாது. ஜன்னலை ஒட்டிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். நடு இருக்கையில் இருந்து கையை நீட்டினால் சிக்னல் போய்விடுகிறது. ஜன்னல் இருக்கையில் அம்மா. எனவே இந்த ஆராய்ச்சி முழுக்க அம்மாவின் கையால் நடந்தது.

10.09க்கு அசைந்தது, 10.27க்குத் தரையைவிட்டது. அரை மணி கழித்து, "என்ன காட்டுதும்மா?" என்றேன்.

"எட்டு எட்டு ஒம்பது."

889. சின்ன விமானம், 830 போக வேண்டியது. மிச்சம் அறுபது கிலோமீட்டரை யார் தள்ளுகிறார்கள்? அம்மா மறுபடி, "இப்ப எட்டு ஒம்பது நாலு" என்றாள். விமானியும் ஒலிபெருக்கியில், காற்று நமக்குச் சாதகம், சற்று முன்னதாகவே சேருவோம் என்றார். பெரியவருக்கு இறங்கியதும் போன் செய்ய வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

அவர் சொன்ன உயரம் 38,000 அடி. போகும்போது 37,000. இது தற்செயல் இல்லை. கிழக்கே போகிறவர்கள் ஒற்றைப்படை ஆயிரத்திலும் மேற்கே போகிறவர்கள் இரட்டைப்படை ஆயிரத்திலும் பறக்க வேண்டும் என்பது வானத்துச் சாலை விதி. எதிரெதிரே வந்தாலும் ஆயிரம் அடி இடைவெளி இருக்கும். அதைச் சொல்லி வாய் மூடவில்லை, நமக்குக் கீழே எதிர்த்திசையில் ஒரு விமானம், வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு, சர்ரென்று போனது. இத்தனை நேரம் நகராமல் தொங்குவது போலிருந்த நாம் என்ன வேகத்தில் போகிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அம்மா போனைக் கீழே போட்டுவிட்டாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து மேகத்தில் ஓர் ஓட்டை. அதில் அடர்பச்சையாக ஒரு கரை, அதைச் சுற்றி நகம் வெட்டியது போல் வெள்ளை அலை, அதற்கு வெளியே வெளிர்நீலம் கொஞ்சம், பிறகு கருநீலம். வீடு இல்லை, சாலை இல்லை. போனில் வடக்கே 7 டிகிரி, கிழக்கே 93.8. கிரேட் நிகோபார்.

"இந்தியா வந்தாச்சும்மா."

"அதுக்குள்ளயா?" என்று சீட் பெல்ட்டைச் சரிபார்த்தாள்.

வந்ததுதான், ஆனால் சென்னைக்கு இன்னும் 1,600 கிலோமீட்டர் சொச்சம் இருந்தது. நாங்கள் கடந்து வந்திருந்தது 1,300. அதாவது அந்தத் தீவுக்குச் சென்னையைவிடச் சிங்கப்பூர்தான் பக்கம். சுமத்ரா இருநூறு கிலோமீட்டருக்குள். ஆனாலும் அங்கே ஓடுவது நம்முடைய கடிகாரம், அம்மா கையில் கட்டியிருந்த அதே நேரம். இரண்டு நிமிஷத்தில் மேகம் மூடிக்கொண்டது.

கிண்டி மேலாக இறங்கி, 11.33க்குத் தரை. 11.41க்கு வாயில். கடிகாரப்படி 10.09க்குக் கிளம்பி 11.41க்கு வந்துவிட்டோம், ஒன்றரை மணி நேரம். பெருங்களத்தூர் நெரிசல் உள்ள நாளில் திண்டிவனம்கூடப் போக முடியாது. பக்கத்து இருக்கைக்காரர் கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். அம்மா தன் கையை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பெட்டியை எடுக்க எழுந்தாள்.

காற்றில் இருந்தது 3 மணி 36 நிமிஷம். போகும்போது 3.47. வேகம் குறைந்த விமானம் பதினோரு நிமிஷம் முன்னால் வந்திருக்கிறது. ஒரே ஒரு போக்குவரத்தை வைத்து ஊருக்கெல்லாம் சொல்ல முடியாதுதான். டிசம்பரில் இதே பாதையில் காற்றும் கணக்கும் வேறு மாதிரி இருக்கும். இருந்தாலும் நோட்டில் அந்தப் பழைய அடிக்கோட்டை அடித்துவிட்டுப் புதுசாக எழுதிக்கொண்டேன்.

பெரியவருக்குப் போன் போட்டேன். "பதினோரு நிமிஷம்" என்றேன். "அவ்வளவுதானா?" என்றார். ஏழு நாள் வந்தவருக்குப் பதினோரு நிமிஷம் எந்த மூலைக்கு!

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ராத்திரி 11.40. அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை, பேரன் ஞாபகம். மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கிறேன் என்று போனவள் இன்னும் இறங்கவில்லை. தேடிப் போனால் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மீனம்பாக்கம் பக்கம் பார்த்து நிற்கிறாள்.

"இன்னிக்கும் லேட்டுடா, நம்ம விமானம்."

சொல்லி முடிக்கவும் சத்தம் வந்தது. பேச்சை நிறுத்தினோம்.